மெட்டல் கிட்டார்: நான் பழகிய முதல் பாடல்கள்

கிட்டார் வாங்கிய முதல் ஆறு மாதமும் ஒரே பாடலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். மெட்டல் என்ற கனத்த ராக் இசை வாசிக்கும் மெட்டாலிக்கா பேண்டின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’. 1986இல் வந்தது, எட்டரை நிமிடம் ஓடும், வேகம் ஏறத்தாழ 212 பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு அத்தனை தட்டு. அந்தப் பாடலைக் கேட்டுத்தான் எனக்குக் கிட்டார் ஆசையே வந்தது. அதனால் அதிலிருந்தே தொடங்கினேன். ஆறு மாத முடிவில் முதல் இருபது நொடி கைவசம் இருந்தது. கூடவே வலது மணிக்கட்டில் ஒரு வலி. காலையில் பல் தேய்க்கும்போதுகூட அது தெரியும்.

பேண்டில் பல வருடம் ரிதம் கிட்டார் வாசித்த அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். அவரிடம் அந்த இருபது நொடியை வாசித்துக் காட்டினேன். எதுவும் சொல்லாமல் எழுந்து வந்து ஆம்ப் என்ற ஒலிபெருக்கியின் கெயினை, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் அளவை, பாதிக்கும் கீழே இறக்கினார். “இப்ப வாசி” என்றார். அதே விரல்கள், அதே ரிஃப்தான், அதாவது பாடலில் திரும்பத் திரும்ப வரும் அதே இசைத் துண்டு. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் பக்கத்து ஸ்ட்ரிங் முனகியது. கை இடம் மாறும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். எல்லாமே ஒன்றின் மேல் ஒன்று வழிந்தது. இவ்வளவு நாளும் டிஸ்டார்ஷன் என்ற அந்தக் கரகரப்பு இதையெல்லாம் மூடி வைத்திருந்தது.

“தம்பி, அடிக்கிறதெல்லாம் அடிக்கிற. நிறுத்தத்தான் தெரியல. இதுல பாதி வேலை நிறுத்துறதுதான். இந்தப் பாட்ட எடுத்து வை, ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்” என்றார். அன்றைக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நான் கற்ற எல்லாமே அந்தப் பேச்சிலிருந்துதான் கிளைத்தது.

தொடக்கக்காரர்களுக்கான பாடல் என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இடது கைக்கு எளிதான பாடலை. மெட்டலில் இடது கை அவ்வளவு பெரிய சிக்கலே இல்லை. பவர் கார்டு, அதாவது இரண்டு சுரம் சேர்ந்த பிடி, ஒரே வடிவம்தான். ஆள்காட்டி விரல் ஒரு ஸ்ட்ரிங்கில், மோதிர விரல் அடுத்த ஸ்ட்ரிங்கில், கழுத்தில் குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகளில் இரண்டு தள்ளி. அந்த வடிவத்தை மேலும் கீழும் நகர்த்தினாலே நூறு பாடல் வந்துவிடும். சிக்கல் இருப்பது ஸ்ட்ரிங்கை அடிக்கும் வலது கையில். அப்புறம், ஒலிக்கக் கூடாத ஸ்ட்ரிங்குகளை இரண்டு கையும் சேர்ந்து அடக்கி வைப்பதில். எனவே பாடலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பாடலில் நான் தவறு செய்தால் எனக்கே கேட்குமா? மெதுவான, இடைவெளி உள்ள பாடலில் கேட்கும். வேகமான பாடலில் தவறும் சேர்ந்து ஓடிவிடும்.

அப்படி வந்த முதல் பாடல் பிளாக் சப்பாத்தின் ‘அயர்ன் மேன்’. 1970ஆம் ஆண்டின் ‘பாரனாய்ட்’ ஆல்பத்தில் இருப்பது. வழக்கமான டியூனிங்தான், அதாவது ஸ்ட்ரிங்குகளுக்கு வழக்கமான சுருதி. எல்லாவற்றிலும் தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கின் ஏழாவது ஃபிரெட்டில் பவர் கார்டு, அங்கிருந்து பத்து, பன்னிரண்டு, அப்புறம் பதினைந்துக்கும் பதினான்குக்கும் இடையே ஒரு வேகமான ஊசலாட்டம், மறுபடி பத்து, பன்னிரண்டு. இவ்வளவுதான் ரிஃப். அரை மணி நேரத்தில் விரல்களுக்கு வழி தெரிந்துவிட்டது. சுத்தமாக வாசிக்க மூன்று வாரம் ஆனது.

ஏன் மூன்று வாரம் என்றால், பாடல் மெதுவாக நகர்வதால் ஒவ்வொரு கார்டும் நீண்ட நேரம் நிற்கிறது. நிற்கும் நேரமெல்லாம் மற்ற நான்கு ஸ்ட்ரிங்குகளும் வாய்மூடி இருக்க வேண்டும். அங்கேதான் ஆள்காட்டி விரலுக்கு இரண்டாவது வேலை இருப்பது தெரிந்தது. நுனி ஒரு ஸ்ட்ரிங்கை அழுத்தும்போதே, விரலின் மீதிப் பகுதி சற்றுச் சாய்ந்து மெல்லிய ஸ்ட்ரிங்குகளின் மேல் படுத்திருக்க வேண்டும். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். கார்டு ஐந்தாவது ஸ்ட்ரிங்கில் தொடங்கினால் அதே விரலின் நுனி ஆறாவதையும் லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கார்டைப் பிடித்துக்கொண்டு ஆறு ஸ்ட்ரிங்கையும் சேர்த்து இழுத்து அடியுங்கள். அந்த இரண்டு சுரம் மட்டும் கேட்டால் இடது கை சரி. நான் முதலில் செய்து பார்த்தபோது ஆறும் கேட்டது.

இந்தப் பாடலைப் பழகும்போது பிளாக் சப்பாத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். பதினேழு வயதில், பர்மிங்ஹாமில் உலோகத் தகடு வேலை செய்யும் ஆலையில், வேலையை விட்டு விலகும் கடைசி நாளன்று, வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. அவர் இடது கைப் பழக்கமுள்ளவர், ஆகவே ஃபிரெட்டை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி, மெல்லிய ஸ்ட்ரிங் போட்டு வாசித்தார். பின்னர் ஸ்ட்ரிங்கின் இறுக்கத்தைக் குறைக்க டியூனிங்கையே கீழே இறக்கினார். மெட்டலின் அந்த அடர்ந்த, கனத்த ஒலி உருவானதில் அந்தக் காயத்துக்கும் பங்கு உண்டு. விரல் நுனி எரியும் முதல் மாதங்களில் இது எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

அடுத்தது பாம் மியூட்டிங், அதாவது உள்ளங்கையால் ஸ்ட்ரிங்கைப் பாதி அடக்கி வாசிப்பது. மெட்டலின் அந்த ‘ஜக் ஜக்’ ஒலி இதிலிருந்துதான் வருகிறது. வலது உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தை, ஸ்ட்ரிங்குகளைக் கீழ்முனையில் தாங்கும் பிரிட்ஜின் மேல், ஸ்ட்ரிங் பிரிட்ஜைத் தொடும் இடத்திலேயே வைக்க வேண்டும். ஒரு நெல் முனை முன்னால் நகர்ந்தால் சுரமே செத்து ‘டப் டப்’ என்று ஆகிவிடும். பின்னால் நகர்ந்தால் அடங்காது. அழுத்தி வைத்தால் சுருதி ஏறும், ஸ்பிரிங்கால் நிறுத்தி வைத்த மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் இன்னும் மோசமாக ஏறும். சரியான இடத்தை யாரும் காட்டித் தர முடியாது. ஒவ்வொரு கைக்கும் அது கொஞ்சம் வேறு. நான் செய்தது இது: ஆறாவது ஸ்ட்ரிங்கை எதையும் அழுத்தாமல் தொடர்ந்து அடித்துக்கொண்டே, உள்ளங்கையை மிக மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்டேன். தினமும் ஐந்து நிமிடம். பத்து நாளில் கை தானாகவே அந்த இடத்தில் போய் உட்காரத் தொடங்கியது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டேப், அதாவது எந்த ஸ்ட்ரிங்கில் எந்த ஃபிரெட் என்று எண்ணால் எழுதிய குறிப்பைப் பார்த்துக் கற்பவர்கள் எண்களை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்தில் ‘பி.எம்.’ (பாம் மியூட்) என்று போட்டு நீளும் புள்ளிக்கோட்டை விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன். எந்த அடி அடங்கியது, எந்த அடி திறந்தது என்பது அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ரிஃப்பின் முகமே அதுதான். எண் சரியாக இருந்து கோடு தப்பினால் பாடலை யாருக்கும் அடையாளம் தெரியாது.

பாம் மியூட்டிங்குக்கும் நிறுத்தத்துக்கும் சேர்த்து நான் யாருக்கும் பரிந்துரைக்கும் பாடல் மெகாடெத்தின் ‘சிம்பொனி ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்’, 1992. மெகாடெத் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு, அவர்களுடைய பல பாடல்கள் அப்படித்தான். இது அப்படியில்லை. கை கழுத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது, மிதமான வேகம். ரிஃப் அடித்து நிற்கிறது, மறுபடி அடித்து நிற்கிறது. அந்த நிற்கும் இடங்களில் முழு மௌனம் வேண்டும், ட்ரம்ஸ் மட்டும் கேட்க வேண்டும். திறந்த ஆறாவது ஸ்ட்ரிங்கை நிறுத்த வலது உள்ளங்கை மட்டும் போதவில்லை. இடது கை விரல்களையும் ஸ்ட்ரிங்குகளின் மேல் மெல்லப் படுக்க வைத்தேன். ஒரு விரல் மட்டும் வைத்தால் ஐந்து, ஏழு, பன்னிரண்டு ஃபிரெட் பக்கங்களில் மணி மாதிரி ஹார்மோனிக் ஒலி எழும். இரண்டு மூன்று விரல் சேர்த்து வைத்தால் எழாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, நீங்கள் அந்த வாரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

மெட்டாலிக்காவின் ‘என்டர் சாண்ட்மேன்’ எல்லாப் பட்டியலிலும் இருக்கும், இருக்க வேண்டியதுதான். 1991, வேகம் 123 பி.பி.எம். ரிஃப்பை உருவாக்கியவர் அவர்களுடைய கிட்டார் கலைஞர் கிர்க் ஹாமெட். முதல் பகுதியை மூன்று தடவை வாசித்துவிட்டு அப்புறம் முடிக்கலாம் என்று சொன்னவர் ட்ரம்ஸ் வாசிக்கும் லார்ஸ் உல்ரிக். அந்தத் திருப்பிச் சொல்லல்தான் ரிஃப்பை மனதில் ஒட்ட வைக்கிறது. விரல் வழி இப்படி: ஆறாவது ஸ்ட்ரிங் திறந்து, ஐந்தாவதில் ஏழு, நான்காவதில் ஐந்து, பிறகு ஆறாவதில் ஆறு, ஐந்து, மறுபடி ஐந்தாவதில் ஏழு. நான்காவதிலிருந்து ஆறாவதுக்குத் தாவும் இடம்தான் தடைக்கல். பிக், அதாவது ஸ்ட்ரிங்கை அடிக்கும் சின்னத் தகடு, நடுவில் உள்ள ஐந்தாவதைத் தட்டிவிடும். தொடக்கத்தில் இந்த ரிஃப் டிஸ்டார்ஷன் இல்லாமல் கிளீனாகவே வருவதால், முதலில் அப்படியே பழகுவது நல்லது. தட்டினால் உடனே தெரியும். டிஸ்டார்ஷன் போட்ட பிறகு முந்தைய சுரம் அடங்காமல் அடுத்ததோடு மோதினால் சேறாகிவிடும், அதனால் ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதன்முதலாக நான் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்த பாடல் ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ‘பிரேக்கிங் தி லா’. 1980, இரண்டரை நிமிடம் சொச்சம். அதில் கிட்டார் சோலோ, அதாவது தனி ஆவர்த்தனம், கிடையாது, அதுதான் தொடக்கக்காரருக்குப் பெரிய வரம். ரிஃப் ஒற்றைச் சுரங்களாகப் போகிறது, பாட்டு வரும் இடத்தில் பாம் மியூட் செய்த பவர் கார்டுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கணத்தில் கை தடுமாறும், அந்தக் கணத்தை மட்டும் பிரித்தெடுத்து ஐம்பது தடவை வாசியுங்கள். முழுப் பாடல் ஒன்று கையில் இருப்பது தனி நம்பிக்கை. இருபது பாடல்களின் முதல் ரிஃப் தெரிந்தவனாக இருப்பதைவிட ஒரு பாடலை முடித்தவனாக இருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாக இருந்தது. நடுவில் தப்பினாலும் நிற்காமல் மேலே போவது எப்படி என்பதை முழுப் பாடல்தான் கற்றுத் தருகிறது.

மெட்டாலிக்காவின் ‘ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்’, 1984, இதையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் கேட்கும் அந்த உறுமல் கிட்டார் இல்லை, அவர்களுடைய கிளிஃப் பர்ட்டன் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்த பேஸ், அதாவது கீழ்ச்சுரக் கருவி. நான் நெடுநாள் அதைக் கிட்டார் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன்.

இனி கைவலிமை. டவுன்பிக்கிங், அதாவது எல்லா அடியையும் கீழ்நோக்கியே அடிப்பது. மேலும் கீழுமாக அடித்தால் சுலபம்தான், ஆனால் கீழடி ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழுவதில் வரும் அழுத்தம் அதில் வராது. ‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ஸை மெட்டாலிக்காவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் அந்த வேகத்தில் கீழடியிலேயே வாசிப்பதால்தான் அது அவ்வளவு பெரிய பேச்சு. நான் அதற்கு ஏணியாக எடுத்துக்கொண்டது பிளாக் சப்பாத்தின் ‘பாரனாய்ட்’ பாடல். ஆல்பத்தில் இடம் நிரப்ப, கடைசி நேரத்தில் சில நிமிடங்களில் உருவான பாடல் அது. மூன்று நிமிடம்கூட இல்லை, ஆனால் பாட்டு முழுக்கப் பவர் கார்டுகள் நிற்காமல் ஓடும். வேகம் 160ஐத் தாண்டும். நான் 100இல் தொடங்கினேன்.

மணிக்கட்டு வலி எங்கிருந்து வந்தது என்பது இந்தப் பாடலில்தான் புரிந்தது. வேகம் ஏறும்போது நான் பிக்கை இறுக்கிப் பிடித்து, முழங்கையிலிருந்து மொத்தக் கையையும் ஆட்டிக்கொண்டிருந்தேன். தோள் காதருகே ஏறியிருந்தது. வேகத்தைக் குறைத்து, பிக்கின் நுனி கொஞ்சம் மட்டும் ஸ்ட்ரிங்கைத் தொடும்படி பிடித்து, மணிக்கட்டிலிருந்து சிறிய அசைவாக மாற்றினேன். வளையும் மெல்லிய பிக்கை விட்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ளதற்கு மாறினேன், அதுவும் உதவியது. முன்கை சோர்ந்து கனப்பது சாதாரணம், அரை நிமிடம் உதறிவிட்டுத் தொடரலாம். சுரீர் என்று குத்தினால் அன்றைக்கு அத்துடன் முடித்துவிட வேண்டும். நாள் கணக்கில் வலி இருந்தால் மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதம் நான் செய்தது போல வலியோடு மல்லுக்கட்டாதீர்கள், அதில் ஒரு பெருமையும் இல்லை.

மெட்ரோனோம் என்ற தாளம் தட்டும் கருவி விஷயத்தில் நான் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு ரிஃப்பைத் தொடர்ந்து மூன்று தடவை பிசகில்லாமல் வாசித்தால் நான்கு தட்டு ஏற்றுவேன். இரண்டு தடவை தவறினால் எட்டு தட்டு இறக்குவேன். இறக்குவதற்கு மனம் வராது, ஆனால் இறக்கிய நாட்களில்தான் கை உண்மையில் கற்றது. வாரம் ஒரு முறை போனில் பதிவு செய்து மறுநாள்தான் கேட்பேன். வாசித்த அன்றே கேட்டால் காது நமக்குச் சாதகமாகப் பேசும்.

கெயின் பற்றி அண்ணன் காட்டித் தந்ததை இன்றும் விடவில்லை. பயிற்சியின்போது 10க்கு 4, அதற்கு மேல் வேண்டாம். மிட் என்ற நடு ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு பேஸ் என்ற கீழ் ஒலியையும் டிரெபிள் என்ற மேல் ஒலியையும் ஏற்றுவது தனியாக வாசிக்கும்போது கம்பீரமாக இருக்கும். ட்ரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போகும். நல்ல பதிவுகளில் நாம் நினைப்பதைவிடக் கெயின் குறைவு. கனம் தெரிவதற்கு ஒரே ரிஃப்பை இரண்டு மூன்று தடவை வாசித்து அடுக்குகிறார்கள்.

டிராப் டி என்ற டியூனிங்கை நான் வேண்டுமென்றே தள்ளிப் போட்டேன். ஆறாவது ஸ்ட்ரிங்கை ‘ஈ’ சுரத்திலிருந்து ‘டி’ சுரத்துக்கு இறக்கினால் பவர் கார்டை ஒரே விரலால் பிடிக்கலாம், அவ்வளவு சுலபம். சுலபம் என்பதால் அங்கேயே தங்கிவிடத் தோன்றும். வழக்கமான டியூனிங்கில் வடிவம் உறுதியான பிறகு ரம்ஷ்டைனின் ‘டு ஹாஸ்ட்’, 1997, எடுத்தேன். இயந்திரம் மாதிரி ஒரே சீராக விழ வேண்டிய ரிஃப், தாளத்தில் துளி நழுவினாலும் காட்டிக்கொடுத்துவிடும். மெல்லிய 9-42 ஸ்ட்ரிங் செட்டில் இறக்கியபோது ஆறாவது தொளதொளவென்று ஆகி, அழுத்தினாலே சுருதி ஏறியது. சற்றுத் தடித்த 10-46க்கு மாறியதும் சரியானது. மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டார் என்றால் ஒரு ஸ்ட்ரிங்கை இறக்கினாலே மற்ற எல்லாமும் கலையும், இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. அப்புறம், பதிவோடு சேர்ந்து வாசிக்கும்போது எல்லாமே ஒரு படி விலகிக் கேட்டால் உங்கள் காதைச் சந்தேகிக்காதீர்கள். மெட்டாலிக்காவின் ‘சாட் பட் ட்ரூ’ போன்ற பாடல்களில் ஆறு ஸ்ட்ரிங்குமே ஒரு முழுச் சுரம் இறக்கப்பட்டிருக்கும். அது மெதுவான, அருமையான பயிற்சிப் பாடல், ஆனால் முதலில் டியூனரைத் தொட வேண்டும்.

விரல் நுனி வலிக்கும் நாட்களுக்கு ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’. முதல் சுற்று முழுக்கத் திறந்த ஸ்ட்ரிங்குகள்தான். ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு மறு கையால் ஸ்ட்ரிங்குகளை மீட்டிக்கொண்டிருந்தபோது பிறந்தது அது. இடது கைக்கு ஓய்வு, வலது கை விரல்களுக்கு நல்ல வேலை.

ஒரு வருடம் கழித்து அதே அண்ணன் என்னை ஒரு ட்ரம்மரோடு உட்கார வைத்தார். ‘அயர்ன் மேன்’, முழுசாக, ஆறு நிமிடம். முதல் நிமிடத்தில் நான் முந்திக்கொண்டே போனேன். மெட்ரோனோமோடு வாசித்த கைக்கு மனிதரோடு வாசிப்பது வேறு பாடமாக இருந்தது. ட்ரம்மர் ஸ்னேர் ட்ரம்மை என் பக்கம் பார்த்து ஓங்கி அடித்துக் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் வேகம் கூடும் பகுதியில் இரண்டு இடம் தப்பியது, நிற்கவில்லை. கடைசி கார்டை அடித்துவிட்டு இரண்டு கையாலும் ஸ்ட்ரிங்குகளை மூடினேன். ட்ரம்மரும் அதே நொடியில் சிம்பலைக் கையால் பிடித்து நிறுத்தினார். அறை சட்டென்று அமைதியானது. ஆம்ப்பின் லேசான இரைச்சல் மட்டும். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

‘மாஸ்டர் ஆஃப் பப்பட்ஸ்’ஸை மறுபடி எடுத்திருக்கிறேன். இப்போது 160இல், கீழடியிலேயே, முதல் இரண்டு நிமிடம் சுத்தமாக ஓடுகிறது. மணிக்கட்டில் வலி இல்லை. நாளைக்கு 164.